கன்ட்ரோல் போன் செத்தால் வண்டி ஓடுமா?

சென்ற ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. என் அக்கா பேத்தி ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து, "தாத்தா, ப்ராஜெக்ட் ரிப்போர்ட் முடிஞ்சுது. ஸ்பெல்லிங் மிஸ்டேக் மட்டும் பார்த்துச் சொல்லுங்க. நாளைக்கு பைண்டிங்குக்குக் குடுக்கணும்" என்றாள். எங்கள் வீட்டில் தங்கி, கொல்கத்தாவை அடுத்த ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயன்ஸ் நான்காம் ஆண்டு படிக்கிறாள்.

82 பக்கங்கள். மென்பொருள்வழி வலையமைப்பில் சுமைப் பகிர்வு என்பது தலைப்பு. சாஃப்ட்வேர் டிஃபைன்டு நெட்வொர்க்கிங், சுருக்கமாக எஸ்.டி.என். என்கிறார்கள். ஸ்பெல்லிங் பிழை அதிகமில்லை. ஆனால் 61-ஆம் பக்கத்தில் ஒரு கிராஃப் இருந்தது. வில்லை வளைத்து வைத்தாற்போல் அத்தனை வழுவழுப்பாக மேலேறிப் போயிற்று கோடு. சிக்னல், தொலைத்தொடர்புப் பிரிவில் 37 ஆண்டுகள் மீட்டர் ரீடிங் எடுத்து எழுதியவன் நான். நிஜமான ரீடிங் அப்படி வராது. அங்கங்கே குதிக்கும், தொங்கும். எனக்குச் சந்தேகம் தட்டியது.

"ஏம்மா, இந்தக் கன்ட்ரோலர்னு ஒரே ஒரு கம்ப்யூட்டர்தானே எல்லா ஸ்விட்சுக்கும் வழி சொல்லிக் குடுக்குது? அது நின்னுபோச்சுன்னா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

ரிப்போர்ட்டைப் புரட்டினாள். பிறகு தரையைப் பார்த்தாள். "அது சிலபஸ்ல இல்லை தாத்தா."

சற்று நேரம் கழித்து உண்மை வந்தது. நான்கு பெண்கள் சேர்ந்து 18,000 ரூபாய் கொடுத்து ஒரு கடையில் வாங்கிய ப்ராஜெக்ட் அது. வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் அப்படித்தான் வாங்கினார்களாம். ரிப்போர்ட், புரோகிராம், வைவாவில் கேட்கக்கூடிய கேள்விகளுக்கு விடை, எல்லாம் ஒரே பொட்டலமாகக் கிடைக்கிறது. நான் கேட்ட கேள்வி மட்டும் பொட்டலத்தில் இல்லை.

இவள் சோம்பேறி அல்ல. பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்கியவள். ஆகவே பழியை அவள்மேல் மட்டும் போட மனம் ஒப்பவில்லை. இந்தப் பாடம் பல்கலைக்கழக அளவில் எப்படிப் படிக்கப்பட வேண்டும் என்பதைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. பட்டதாரி அல்லாத ஒரு டிப்ளமோக்காரன் பல்கலைக்கழகத்துக்குப் புத்தி சொல்வதா என்று அன்பர்கள் சிரிக்கலாம். ஆனால் இந்தப் பாடத்தின் அடிப்படைக் கேள்வி, நான் சோறு தின்ற தொழிலின் கேள்வி. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் விஷயம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ரயில்வே தபால் பிரிவான ஆர்.எம்.எஸ். வண்டிகளில் பயணம் செய்த தலைமுறைக்கு இது எளிதில் விளங்கும். பெட்டிக்குள் சுவர் முழுவதும் மரத்தட்டுப் பொந்துகள். சார்ட்டர் நின்றபடியே கடிதங்களைப் பொந்து பொந்தாகப் போட்டுக்கொண்டிருப்பார். மதுரைக் கடிதம் எந்த வழியாகப் போக வேண்டும் என்று அவர் யோசிப்பதில்லை. அதற்கென்று ஒரு பட்டியல் இருக்கும். அதைப் பார்த்துப் போடுவார். கம்ப்யூட்டர் வலையமைப்பிலும் இந்த இரண்டு வேலைகள் உண்டு. வருகிற தகவல் பொட்டலத்தை உரிய வாசல் வழியே தள்ளிவிடுவது ஒன்று. எந்த ஊருக்கு எந்த வாசல் என்று பட்டியல் தயாரிப்பது மற்றொன்று. பழைய முறையில் ஒவ்வொரு ரூட்டர் பெட்டியும் இரண்டையும் தானே செய்தது. பக்கத்துப் பெட்டிகளோடு பேசி, யாருக்கு யார் அண்டை என்று தெரிந்துகொண்டு, தன் பட்டியலைத் தானே போட்டுக்கொள்ளும். எஸ்.டி.என். முறையில் பட்டியல் போடும் மூளையைப் பெட்டியிலிருந்து கழற்றி, கன்ட்ரோலர் என்ற தனிக் கம்ப்யூட்டரில் வைத்துவிட்டார்கள். பெட்டிகள் வெறும் சார்ட்டர்களாகிவிட்டன. பட்டியலில் இல்லாத முகவரி வந்தால் கன்ட்ரோலரைக் கேட்கும். அது ஒரு வரி எழுதி அனுப்பும். அப்புறம் அந்த வரியைப் பார்த்தே வேலை நடக்கும்.

இது எங்கே பிறந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 2007-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கசாடோ என்ற ஆராய்ச்சி மாணவர், நிக் மெக்கியோன், ஸ்காட் ஷெங்கர் முதலியோருடன் சேர்ந்து 'ஈத்தேன்' என்ற அமைப்பைச் செய்து காட்டினார். பல்கலைக்கழகத்தின் சொந்த வலையமைப்பிலேயே 300-க்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களை அதில் இணைத்து மாதக்கணக்கில் ஓட்டினார்கள். அடுத்த ஆண்டு, 2008-இல், 'ஓபன்ஃப்ளோ' என்ற கட்டுரை வந்தது. ஆறு பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த எட்டுப் பேர் எழுதியது. அவர்களில் ஒருவரான ஹரி பாலகிருஷ்ணன் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். அந்தக் கட்டுரையின் ஆதங்கமே இதுதான்: கம்பெனிக்காரர்கள் விற்கும் பெட்டிகள் மூடி முத்திரையிடப்பட்டவை, ஒரு மாணவனுக்குப் புதிய யோசனை தோன்றினால் அதை நிஜ வலையமைப்பில் ஓட்டிப் பார்க்க வழியில்லை, ஆகவே பெட்டிக்குள் இருக்கும் பட்டியலை மட்டுமாவது வெளியிலிருந்து எழுத விடுங்கள்.

அதாவது, மாணவர்கள் கை வைத்துப் பார்ப்பதற்காகவே கண்டுபிடிக்கப்பட்ட முறை இது. அதை நாம் கையே வைக்காமல் நோட்ஸ் சொல்லி எழுதவைத்து, கடையில் ப்ராஜெக்ட் வாங்கவைத்துப் படிப்பிக்கிறோம்.

ஏட்டில் குறையில்லை. உதாரணமாக, அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் இது விருப்பப்பாடமாக இருக்கிறது. செய்முறை வகுப்பையும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். செலவும் ஒரு தடையில்லை. மினிநெட் என்று ஓர் இலவச மென்பொருள் 2010 முதல் இருக்கிறது. ஒரே மடிக்கணினிக்குள் பத்து ஸ்விட்சும் இருபது கம்ப்யூட்டரும் கொண்ட பொய் வலையமைப்பை அது கட்டித் தரும். பொய் என்றாலும் அதில் ஓடும் பொட்டலங்கள் நிஜம். எங்கள் காலத்தில் ஒரு ரிலே ராக்கைத் தொட்டுப் பார்க்க மூன்று மாதம் காத்திருந்தோம். இவர்களுக்கு முழு யார்டும் மடிமேல் கிடைக்கிறது.

சரி, கையை வைத்து எதைப் படிப்பது? இங்கேதான் என் அபிப்பிராயத்தின் மையம் வருகிறது. எஸ்.டி.என். என்றால் என்ன, அதன் நன்மைகள் பத்து எழுதுக, என்பதெல்லாம் ஒரு பாடமே அல்ல. அதிகாரத்தை ஓரிடத்தில் குவித்தால், அந்த இடம் தப்பாகச் சொன்னால் என்ன ஆகும், அந்த இடமே போய்விட்டால் என்ன ஆகும்? இவ்விரண்டு கேள்விகளும்தான் பாடம். மற்றவை அவற்றின் பின்னால் வந்துசேரும்.

ரயில்வே இதை 1927-லேயே சந்தித்தது. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் ஸ்டான்லி என்ற இடத்திலிருந்து பெர்விக் வரை, நியூயார்க் சென்ட்ரல் ரயில்வேயில், மையப்படுத்திய போக்குவரத்துக் கட்டுப்பாடு முதன்முதலாக வந்தது. சி.டி.சி. என்போம். பல மைலுக்கு அப்பால் ஓர் அறையில் உட்கார்ந்த ஒருவர், நெடுகிலும் உள்ள பாயின்ட்டுகளையும் சிக்னல்களையும் இயக்கலாம். கேட்பதற்கு எஸ்.டி.என். போலவே இருக்கிறதல்லவா? ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மைய அறை உத்தரவு போடுவதில்லை, வேண்டுகோள்தான் விடுக்கிறது. பாயின்ட்டைத் திருப்பலாமா, சிக்னலை இறக்கலாமா என்று கடைசி வார்த்தை சொல்வது அந்தந்த இடத்திலுள்ள இன்டர்லாக்கிங். எதிரெதிரே இரண்டு வண்டிகளை ஒரே லைனில் விடும்படி மைய அறையிலிருப்பவர் தூக்கக் கலக்கத்தில் பொத்தானை அழுத்தினாலும், அந்த ரிலேக்கள் அசையா.

ஓபன்ஃப்ளோ ஸ்விட்சுக்கு அந்த முதுகெலும்பு கிடையாது. எழுதினதை நம்பும். ஒரு பொட்டலம் முதல் பெட்டியிலிருந்து இரண்டாவதுக்கு, அதிலிருந்து மூன்றாவதுக்கு, அங்கிருந்து மறுபடி முதல் பெட்டிக்கு என்று பட்டியல் எழுதினால், மூன்றும் பணிவோடு சுற்றவிட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பெட்டியும் தனித்தனியே தன் கடமையைச் சரியாகத்தான் செய்கிறது. மொத்தத்தில் விபத்து.

பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதை உணராமலில்லை. 2012-இல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு குழு, வலையமைப்பின் பட்டியல்கள் அனைத்தையும் கணித முறையில் ஒன்றுசேர்த்துச் சோதிக்கும் வழியைக் கண்டது. தங்கள் பல்கலைக்கழகத்தின் முதுகெலும்பு வலையமைப்பிலேயே அதை ஓட்டி, சுற்றிச் சுற்றி வரும் வளையங்கள் அத்தனையையும் பத்து நிமிடத்துக்குள் கண்டுபிடித்தார்கள். 2013-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தாரின் 'வெரிஃப்ளோ' வந்தது. அது கன்ட்ரோலருக்கும் ஸ்விட்சுகளுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, எழுதப்போகும் ஒவ்வொரு வரியையும் முன்கூட்டியே சோதிக்கிறது. படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இது இன்டர்லாக்கிங் அல்லாமல் வேறென்ன? நாங்கள் ஒரு யார்டைத் திறந்துவைப்பதற்கு முன்னால் ஸ்கொயர் ஷீட் போட்டு, ஒவ்வொரு ரூட்டையும் மற்ற எல்லா ரூட்டுகளுக்கும் எதிராக வைத்துச் சோதிப்போம். இது கிடைக்க வேண்டும் என்று மட்டுமல்ல, இது கிடைக்கக் கூடாது என்றும் சோதிப்போம். அதையே இவர்கள் மைக்ரோ வினாடிகளில் செய்கிறார்கள்.

இன்னொன்று. 2012-இல் ரைட்பிளாட், ஃபாஸ்டர், ரெக்ஸ்ஃபோர்டு முதலியோர் எழுதிய ஒரு கட்டுரை. பட்டியலை மாற்றும்போது பாதிப் பெட்டிகளில் புதியதும் மீதியில் பழையதுமாக இருக்கிற அந்த ஒரு கணத்தில் நடுவழியில் இருக்கும் பொட்டலத்தின் கதி என்ன? அது முழுப் பயணத்தையும் பழைய பட்டியலின்படியே முடிக்க வேண்டும், அல்லது முழுவதும் புதியதன்படியே போக வேண்டும், கலப்படம் கூடாது என்று அவர்கள் வழி சொன்னார்கள். வண்டி ரூட்டுக்குள் நுழைந்தபின் அது வெளியேறும்வரை பாயின்ட்டைத் தொடாதே என்கிற எங்கள் ரூட் லாக்கிங் விதியின் உடன்பிறப்பு. இவையெல்லாம் ரகசியங்கள் அல்ல. ஆனால் அந்த 82 பக்கங்களில் ஒரு வரிகூட இல்லை. 'எஸ்.டி.என். நெகிழ்வுத்தன்மை உடையது' என்ற வாக்கியம் மட்டும் ஆறு இடங்களில் இருந்தது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். தலைமையே போய்விட்டால்? 2019 ஜூன் 2-ஆம் தேதி கூகுள் நிறுவனத்துக்கு அது நேர்ந்தது. பராமரிப்பு வேலைக்கான தானியங்கி மென்பொருள், உள்ளமைப்பில் இருந்த தவறுகளாலும் ஒரு பிழையாலும், பல இடங்களில் வலையமைப்பின் கட்டுப்பாட்டு மென்பொருளையே நிறுத்திவிட்டது. சில நிமிடங்கள் எல்லாம் பழையபடியே ஓடியது. பெட்டிகளில் பழைய பட்டியல் இருந்ததல்லவா? பிறகு வழிகள் ஒவ்வொன்றாக விலக்கிக்கொள்ளப்பட்டு, இருந்த சில வழிகளில் நெரிசல் முற்றி, அமெரிக்காவின் ஒரு பகுதியில் பல மணி நேரம் சேவை தடுமாறியது. நிறுவனமே வெளியிட்ட அறிக்கையில் ஒரு விஷயம் என்னை நிறுத்திவைத்தது. கோளாறைத் தேடவேண்டிய கருவிகளும் அதே நெரிசல் பிடித்த வலையமைப்பில்தான் போட்டி போட்டுக்கொண்டிருந்தன. ஆகவே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வதே தாமதமாயிற்று. ரயில்வேயில் கன்ட்ரோல் போனுக்கென்று தனிச் சர்க்யூட் வைத்த புண்ணியவான்களை அன்று நினைத்துக்கொண்டேன்.

2021 அக்டோபர் 4-ஆம் தேதி ஃபேஸ்புக் ஏறக்குறைய ஆறு மணி நேரம் உலகம் முழுவதும் படுத்தது. அது நேரடியாக எஸ்.டி.என். கதையல்ல, ஆனாலும் வகுப்பில் சொல்லத்தக்கது. தவறான கட்டளையைத் தடுக்க வைத்திருந்த சோதனை மென்பொருளிலேயே பிழை. காவலாளியைச் சோதிப்பது யார் என்ற பழைய கேள்வி.

சரி, எங்கள் வீட்டுக் கதைக்குத் திரும்புகிறேன். பைண்டிங்கைத் தள்ளிப்போடச் சொன்னேன். முகம் சுளித்தாள், ஆனாலும் சம்மதித்தாள். என் பழைய மடிக்கணினியில் மினிநெட்டை ஏற்றினோம். கன்ட்ரோலராக 'ரியூ' என்ற ஜப்பானிய மென்பொருள். ரியூ என்றால் அவர்கள் மொழியில் ஓட்டம் என்று பொருளாம். ஆனால் எங்களிடம் ஒரு வாரம் ஓடவில்லை. புதிய பைத்தானோடு அதற்கு ஒத்துவராது. அதைப் பராமரிப்போரும் ஓய்ந்துவிட்டார்கள். கடைசியில் பழைய உபுண்டு பதிப்பைத் தேடிப் போட்டபின் உயிர் வந்தது. அந்த ஒரு வாரத்தில் அவள் கற்றுக்கொண்டது ஒரு செமஸ்டரில் கற்றதைவிட அதிகம் என்று அவளே சொன்னாள். நான் கற்றுக்கொண்டதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரு ஸ்விட்ச், அதில் மூன்று கம்ப்யூட்டர்கள். முதல் கம்ப்யூட்டரிலிருந்து இரண்டாவதைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்படி 'பிங்' கட்டளையை ஓடவிட்டோம். வினாடிக்கு ஒரு பதில் வந்துகொண்டிருந்தது. "இப்போ கன்ட்ரோலரைக் கொல்லு" என்றேன்.

கொன்றாள். இருவரும் திரையைப் பார்த்தோம். பதில் வந்துகொண்டே இருந்தது.

"தாத்தா! நிக்கவே இல்லை!" என்று கத்தினாள். சமையலறையிலிருந்து என் மனைவி ஓடிவந்தாள்.

"ஏன் நிக்கலை?" என்று கேட்டேன். சற்று யோசித்தாள். "லிஸ்ட் ஏற்கெனவே எழுதியாச்சு. சார்ட்டருக்கு மேலாபீஸ் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?" என்றாள். சரி, இதுவரை பேசாத மூன்றாவது கம்ப்யூட்டரைக் கூப்பிடு என்றேன். கூப்பிட்டாள்; பதிலில்லை. பட்டியலில் வரி இல்லை; கேட்பதற்கு ஆளும் இல்லை. பிறகு ஸ்விட்சின் அமைப்பில் ஒரு வார்த்தையை மாற்றினோம். கன்ட்ரோலர் தொலைந்தால் இருந்ததை வைத்துக்கொண்டு கட்டுப்பாடாக நில் என்பது ஒரு முறை. பழைய காலத்து ஸ்விட்சைப் போல உன் சொந்தப் புத்தியில் நட என்பது மற்றொன்று. ஓபன்ஃப்ளோ விதிகளிலேயே இரண்டும் உண்டு. மாற்றிவிட்டு மறுபடி கொன்றாள். சில வினாடி தடுமாறி, மூன்றாவது கம்ப்யூட்டரும் பதில் சொல்ல ஆரம்பித்தது.

"அப்போ இதுதானே நல்லது? எப்பவும் இப்படியே வைக்கலாமே?" என்றாள். அதற்கு வாயால் பதில் சொல்லக் கூடாது என்று தீர்மானித்து, மூன்று ஸ்விட்சுகளை வளையமாக இணைக்கச் சொன்னேன். அதே இரண்டாவது முறையில் ஒரே ஒரு பிங் கொடுத்தாள். எல்லோருக்கும் என்று கூவும் ஒரு பொட்டலம் வளையத்தில் இரு பக்கமும் சுற்ற ஆரம்பித்து, பெருகி, என் மடிக்கணினியின் விசிறி ஆகாய விமானம்போல் இரைந்தது. பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டியதாயிற்று. எந்த இடத்தில் நிற்பது பாதுகாப்பு, எந்த இடத்தில் ஓடுவது பாதுகாப்பு என்பது அந்தந்த அமைப்பைப் பொறுத்தது என்று அவளுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் சிக்னல் கெட்டால் சிவப்பு காட்டும், வண்டி நிற்கும், நிற்பதே பாதுகாப்பு. மருத்துவமனை வலையமைப்புக்கு அந்த விதி ஆகுமா?

சில ஆசிரியர்கள், எஸ்.டி.என். வந்துவிட்டது, இனி பழைய ரூட்டிங் முறைகளைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று சொல்வதாக இவள் மூலம் அறிகிறேன். இதை மறுக்கிறேன். எஸ்.டி.என்.னின் பெரிய வெற்றியாகக் காட்டப்படுவது கூகுள் 2013-இல் விவரித்த 'பி-ஃபோர்' வலையமைப்பு. மற்றவர்களின் நெடுந்தூர இணைப்புகள் 30 முதல் 40 சதவீதம் பயன்பட்டுக்கொண்டிருந்தபோது, அங்கே பல இணைப்புகள் ஏறக்குறைய 100 சதவீதத்திலும், சராசரியாக 70 சதவீதத்திலும் ஓடின. எல்லோரும் மேற்கோள் காட்டும் எண் இது. ஆனால் அதே கட்டுரையில், பழைய ரூட்டிங் முறைகளைக் கீழே உயிரோடு வைத்திருந்ததையும், மையக் கணக்கீட்டில் கோளாறு வந்தால் அதைத் துண்டித்துவிட்டுப் பழைய முறைக்கே திரும்ப ஒரு 'பெரிய சிவப்புப் பொத்தான்' வைத்திருந்ததையும் சொல்லியிருக்கிறார்கள். பிளாக் கருவி கெட்டால் பேப்பர் லைன் கிளியரில் வண்டி விடுவோமே, அது. பேப்பர் லைன் கிளியர் எழுதத் தெரியாத ஸ்டேஷன் மாஸ்டரை எந்த ரயில்வேயும் பணியில் அமர்த்தாது. சூரிச்சில் உள்ள ஈ.டி.எச். பல்கலைக்கழகத்தில் 2016 முதல் மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து ஆளுக்கொரு சிறு வலையமைப்பைக் கொடுத்து, அனைத்தையும் இணைத்து ஒரு குட்டி இன்டர்நெட்டையே ஓட்டச் சொல்கிறார்கள். பழைய முறைகள் எல்லாம் அதில் கைப்பழக்கமாக வந்துவிடுகின்றன. ஸ்டான்ஃபோர்டில் 2012 முதல் மாணவர்கள் ஒரு பிரசுரமான ஆராய்ச்சியை எடுத்து, அதன் முடிவு தங்களுக்கும் வருகிறதா என்று செய்து பார்க்கிறார்கள். வழுவழுப்பான கிராஃபுக்கு அங்கே வேலையில்லை.

குறிப்பிட்ட சரக்கைப் படிப்பதில் பயனில்லை என்பதற்கும் சாட்சி தேவையில்லை. ரியூவின் கதியைச் சொன்னேன். 2019-இல் இன்டெல் வாங்கிய பேர்ஃபுட் கம்பெனியின் டொஃபினோ சிப், இனி இதுதான் எதிர்காலம் என்று பேசப்பட்டது. 2023-இல் அதன் அடுத்தகட்ட வேலையை நிறுத்திவிட்டார்கள். 2011-இல் ஆரம்பித்த ஓபன் நெட்வொர்க்கிங் ஃபவுண்டேஷனே 2023 டிசம்பரில் லினக்ஸ் ஃபவுண்டேஷனில் கலந்துவிட்டது. பெயர்களை மனப்பாடம் செய்தவன் கையில் என்ன மிஞ்சும்?

ஆசிரியர்களை மட்டும் குறை கூற மாட்டேன். அறுபது பேருக்கு ஓர் ஆசிரியர், அவருக்கு மூன்று பாடங்கள் என்றால் அவரும்தான் என்ன செய்வார்? நம் வீடுகளிலும் 'பிளேஸ்மென்ட் ஆயிற்றா, பேக்கேஜ் எவ்வளவு' என்று கேட்கிறோமே தவிர, 'என்ன செய்தாய், காட்டு' என்று கேட்பதில்லை. லேக் மார்க்கெட்டில் காய்கறி வாங்கும்போது நம்மவர்கள் இருவர் சந்தித்தால் பேச்சு அதுதான். நானும் யோக்கியன் அல்லன். பாலிடெக்னிக்கில் சீனியரின் ரெக்கார்டு நோட்டை வரிக்கு வரி காப்பி அடித்தவன். வேலையில் சேர்ந்த முதல் மாதம், கேபிளின் இன்சுலேஷனை மெக்கரில் அளக்கச் சொன்னார்கள். மறுமுனையைக் கழற்றிவிட்டுத்தான் அளக்க வேண்டும் என்பது தெரியாமல் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தேன். படிப்பே இல்லாத ஒரு வயதான கலாசி ஓடிவந்து என் கையைப் பிடித்தார். வங்காளத்தில் அவர் திட்டியது அன்று எனக்குப் புரியவில்லை. புரிந்திருந்தால் வேலையை விட்டிருப்பேன்.

நம் சங்க நூலகத்தில் இரண்டு கம்ப்யூட்டர்கள் வெறுமனே உறங்குவதாகச் செயலாளர் சொன்னார். அவற்றில் மினிநெட்டை ஏற்றித் தர நான் தயார். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கல்லூரிப் பிள்ளைகள் வந்து ஓட்டிப் பார்க்கட்டும், கெடுத்தும் பார்க்கட்டும். 'சாஃப்ட்வேர் டிஃபைன்டு நெட்வொர்க்ஸ்: எ சிஸ்டம்ஸ் அப்ரோச்' என்று லாரி பீட்டர்சன் முதலியோர் எழுதிய நல்ல நூல் ஒன்று இலவசமாகவே படிக்கக் கிடைக்கிறது. காசு கேட்பது கடைக்காரர் மட்டும்தான்.

இவளுடைய ப்ராஜெக்ட் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். கடையில் வாங்கிய புரோகிராமை மினிநெட்டில் ஓட்டிப் பார்த்தோம், ஓடவே இல்லை. தோழிகள் மூவரில் இருவர், 'வேற வேலை இல்லையா உனக்கு' என்றார்களாம். மூன்றாவது பெண் மட்டும் இரண்டு நாள் எங்கள் வீட்டுக்கு வந்து இவளோடு உட்கார்ந்தாள். கிராஃப் இருந்த அத்தியாயத்தைக் கிழித்துவிட்டு, கன்ட்ரோலர் செத்தால் என்ன ஆகும் என்று 14 பக்கங்கள் எழுதிச் சேர்த்தார்கள். அந்த வரைபடத்தில் கோடு கோணல்மாணலாகத்தான் போகிறது. வைவாவுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ரிப்போர்ட்டைப் புரட்டி, எந்த மொழியில் புரோகிராம் எழுதினீர்கள் என்று கேட்டார். பைத்தான் என்றார்கள். கையெழுத்துப் போட்டார். நான்கு பேருக்கும் ஒரே மதிப்பெண்.

அன்று மாலை இவள் வாடித்தான் வந்தாள். நானும் ஒன்றும் சொல்லவில்லை. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மடிக்கணினியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "தாத்தா, ஒண்ணுக்கு ரெண்டா கன்ட்ரோலர் வச்சு, ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற லைனை மட்டும் அறுத்துட்டா, ரெண்டுமே தான்தான் தலைவன்னு நினைச்சுக்குமே? ஸ்விட்ச் யார் பேச்சைக் கேக்கும்?"

எனக்குத் தெரியவில்லை. ஓபன்ஃப்ளோவில் இதற்கென்று ஓர் எண் வைத்திருக்கிறார்கள், பெரிய எண்ணோடு வருகிற தலைவனையே ஸ்விட்ச் ஏற்கும் என்று மறுநாள் விதிப்புத்தகத்தில் கண்டுபிடித்தோம். அந்த எண்ணை யார் கொடுப்பது என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம்.